பூர்ணிமாவின் கதவுகள் ஏன் கவிழ்ந்தன

மூலக்குளத்தில் உசேன் சாருடைய ஆபீஸில் கதவு என்றால் மரக்கதவு இல்லை, கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடும் ஒரு கால்வட்டமும். வீட்டு பிளான் போடுகிற இடம் அது. அந்தக் கதவுதான் பூர்ணிமாவின் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தது. வரைந்து வைத்த கதவைக் கொண்டுவா என்று கேட் என்கிற வரைபட மென்பொருளுக்குக் கட்டளை கொடுத்து, கோணம் பூச்சியம் என்று தட்டினால், அது சுவரோடு மரியாதையாக வந்து நிற்க வேண்டும் அல்லவா? நிற்காது. தலைகுப்புறக் கவிழ்ந்து, அது போதாதென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தும் விழும்.

பூர்ணிமா வில்லியனூருக்கு அந்தப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். பாலிடெக்னிக்கில் சிவில் படித்து, கல்யாணத்துக்கு முன்னால் ஜோராக பிளான் வரைந்துகொண்டிருந்தவள்தான். பிள்ளை பிறந்தது, மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனது, வருஷங்கள் ஓடிவிட்டன. பெண்பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டா வருஷம் ஓடுகிறது? மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வேலைக்குப் போகிறேன் என்றாள். கணவன் இளஞ்செழியன் ஸ்கூட்டரைத் துடைத்து வாசலில் நிறுத்தினான். அவ்வளவுதான் அவன் பேச்சு, நல்ல மனுஷன்.

உசேன் சார் ஒரு மாதம் பார்க்கலாம் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு மாதத்தில்தான் பூர்ணிமாவின் உயிரே இருந்தது. இந்த நாற்காலி போனால் மறுபடி போய் இன்னொருவரிடம் வேலை கேட்க அவளுக்கு வாய் வராது. ஸ்கூட்டருக்குக்கூட அரை டேங்குக்கு மேல் அவள் பெட்ரோல் போடுவதில்லை. வேலை நிலைக்காவிட்டால் எதற்கு வீணாக என்று ஒரு கணக்கு.

ஆகவே கதவு கவிழ்வதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. கேட்டால், இத்தனை வருஷத்தில் எல்லாம் மறந்துவிட்டதா என்பார்களே! கவிழ்ந்த கதவை ஒவ்வொன்றாகத் திருப்பி நிமிர்த்தினாள். கோணம் தட்டிப் போடுகிற கோடும் கோணிக்கொண்டு போனது, அதை அழித்து மவுஸால் இழுத்தாள். இப்படி வேலை செய்தால் வேகம் எங்கே வரும்? உசேன் சார் ஒரு நாள் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, கொஞ்சம் மெதுவாக இருக்கிறதே என்று தணிவாகத்தான் சொன்னார். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் உசேன் சாரின் தங்கை கரீமா. பத்துப் பேர் வேலையை ஒரே கையால் இழுத்துப் போடுகிறவள், நல்ல வாயாடி. பூர்ணிமாவுக்கு அவள் கரீமாக்கா. அவளுடைய கதவுகள் மட்டும் சிப்பாய் மாதிரி நின்றன. பூர்ணிமா ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துப் புழுங்கினாள்.

காலாப்பட்டு வீடு ஒன்றின் பிளான் கைக்கு வந்தது. முதல் கதவே கவிழ்ந்தது. சாப்பாட்டு வேளையில் மற்ற இருவரும் எழுந்து போனதும், பூர்ணிமா கோபத்தில் ஒரு காரியம் செய்தாள். ஒன்றுமே இல்லாத புத்தம் புது ஃபைலைத் திறந்தாள். கதவு, கோணம் பூச்சியம், தட்டினாள்.

கதவு அப்படியே நேராக நின்றது.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கை மறக்கவில்லை! கோளாறு ஃபைலில்தான் இருக்கிறது, தன்னிடம் இல்லை.

அந்த ஆபீஸில் யாரும் புது ஃபைல் திறப்பதே கிடையாது. போன வீட்டு பிளானை வேறு பெயரில் சேமித்து, பழைய சுவர்களை அழித்துவிட்டு அதன் மேலேயே புது வீட்டைப் போடுவார்கள். எழுத்தளவு, கோட்டு நிறம் எல்லாம் தயாராக இருக்குமே என்று ஒரு சௌகரியம். அப்படியானால் கோளாறும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஒட்டிக்கொண்டுதானே வந்திருக்கும்? பூர்ணிமா ஒவ்வொரு வீடாகப் பின்னோக்கிப் போனாள். காலாப்பட்டு வீடு முதலியார்பேட்டை விஜயராகவன் வீட்டிலிருந்து வந்தது. அதைத் திறந்து கதவு போட்டாள், கவிழ்ந்தது. அதற்கு முந்தியது லாஸ்பேட்டை அஞ்சலாட்சி அம்மாள் வீடு. அதுவும் அதே கதைதான். அதற்கும் முன்னால் முல்லா வீதியில் ஒரு மாடிவீடு, அங்கேயும் கவிழ்ந்தது. அதற்கு முந்திய வீட்டில் கதவு நேராக நின்றது.

முல்லா வீதி வீடு கரீமாக்காவின் சொந்த வீடு.

அந்த ஃபைலில் அளவு முறைகளை அமைக்கிற பெட்டிக்குள் போய்ப் பார்த்தாள். கோணம் எங்கே தொடங்க வேண்டும் என்று ஒரு திசை கேட்கும். உலகத்தில் எல்லோரும் அதைக் கிழக்கில்தான் விடுவார்கள். இங்கே பூச்சியம் மேற்கே, கொஞ்சம் வடக்குத் தள்ளி இருந்தது. அந்தப் பக்கம் யாருக்கு என்ன வேலை? பூர்ணிமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அதற்குள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள். சாப்பிட்டுத் திரும்பிய கரீமாக்கா கைகால் கழுவிக்கொண்டு உள்ளறையில் தொழுகைப் பாயை விரித்தாள். தினமும் நடப்பதுதான், பூர்ணிமா கவனித்ததில்லை. இன்றைக்குக் கவனித்தாள். பாய் சுவரோடு ஒட்டி நேராகக் கிடக்கவில்லை. கவிழ்ந்த கதவு எவ்வளவு சாய்ந்ததோ அவ்வளவே சாய்ந்து கிடந்தது.

கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம் துள்ளினாள், அடுத்த நிமிஷமே நாற்காலியில் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். முதலாளியின் தங்கை செய்த கோளாறு என்று, வந்து ஒரு மாதம்கூட ஆகாதவள் போய்ச் சொல்வதா? பேசாமல் சரிசெய்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். ஆனால் இனி வருகிற வீடெல்லாம் இதே சாய்வைச் சுமந்துகொண்டு வருமே. கரீமாக்கா பாயைச் சுருட்டிக்கொண்டு வந்ததும், திரையைக் காட்டித் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

கரீமாக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அடியாத்தீ, நான்தான்டி! எங்க வீட்டு டாய்லெட்டு கிப்லாவ, அதான் நாங்க தொழுவுற திசைய, பாத்தும் இருக்கக் கூடாது, முதுகு காட்டியும் இருக்கக் கூடாது. எத்தன டிகிரி தள்ளி இருக்குன்னு நேரா காட்டட்டுமேன்னு பூச்சியத்த மக்கா பக்கம் திருப்பி வச்சேன். திருப்பி மாத்த மறந்தே போச்சு."

அவள் கதவுகள் மட்டும் ஏன் கவிழவில்லை? பழைய கதவையே நகலெடுத்து நகலெடுத்து ஒட்டுகிறவள், கோணம் தட்டுகிற வழக்கமே கிடையாது. படித்த முறைப்படி தட்டுகிறவள் பூர்ணிமா ஒருத்திதான், அதனால் கதவு அவள் தலையில் மட்டும் விழுந்தது. கரீமாக்கா அதோடு விடவில்லை, அண்ணனைக் கூப்பிட்டுத் தானே எல்லாவற்றையும் ஒப்பித்தாள். உசேன் சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவருக்கும் எழுத்துகள் தலைகீழாக வந்தனவாம். மவுஸ்தான் கெட்டுவிட்டது என்று புது மவுஸ் வாங்கியிருக்கிறார், யாரிடமும் மூச்சுவிடவில்லை. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மாலைக்குள் பூர்ணிமா சுத்தமான ஒரு தொடக்க ஃபைல் செய்தாள். சுவரில்லை, கதவில்லை, பூச்சியம் கிழக்கே. கரீமாக்காவுக்காக அதில் கிப்லா பக்கம் பார்த்து ஒரு சின்ன அம்புக்குறியும் வைத்தாள். திரையில் தெரியும், அச்சில் வராது, எந்தக் கதவையும் தொந்தரவு செய்யாது.

"இத எனக்குத் தோணல பாரேன்" என்று கரீமாக்கா அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

உசேன் சார் அந்த ஃபைலுக்குப் பூர்ணிமா என்றே பெயர் வைத்தார். இனிமேல் எந்த வீடும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று இருவரிடமும் கண்டிப்பாகச் சொன்னார்.

பூர்ணிமா பையை எடுத்துக்கொண்டு, கேட்கலாமா வேண்டாமா என்று நின்று, கேட்டேவிட்டாள். "சார், அடுத்த மாசமும் நான் வரலாமா?"

"நல்லா கேட்ட போ. தெனம் காலைல நாங்க தொறக்கறதே உன் பேருதான். நீ வராம?"

வில்லியனூர் ரோட்டில் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினாள். எவ்வளவுக்குப் போடட்டும் என்று கேட்டார் பங்குக்காரர்.

"ரொப்புங்கண்ணா" என்றாள் பூர்ணிமா.