வயிற்றில் இருந்த காற்று

கல்யாணமாகி ஏழு வருடமாகியும் பிள்ளை இல்லை என்று வவுனியாவில் என்னைச் சோதித்தார்கள். மயக்க மருந்து தந்து, உள்ளே தெளிவாகத் தெரிவதற்காக வயிற்றைக் காபனீரொட்சைட்டு வாயுவால் ஊதி, தொப்புளருகே சின்னக் கமரா விட்டுப் பார்த்தார்கள்.

மறுநாள் டொக்டர் என் கணவரையும் வைத்துக்கொண்டே சொன்னார்: “இவவில ஒரு பிழையும் இல்லை. இனி உங்களைத்தான் சோதிக்கவேணும் தம்பி. மிச்ச வாயு ரெண்டொரு நாளில போயிடும். அதுவரைக்கும் வயிறு ஊதியிருக்கும், தோளும் நோகும்.”

ஊருக்குத் திரும்பும் ஒட்டுசுட்டான் பஸ்ஸில் இருக்க இடமில்லை. நான் வயிற்றைப் பிடித்தபடி நிற்பதைக் கண்டு, முன் சீற்றில் இருந்த ஒரு அம்மா எழும்பினார். “இதில இரு பிள்ளை. எத்தினை மாசம்?”

நான் வாய் திறக்குமுன் என் கணவர் பஸ்ஸுக்கே கேட்கச் சொன்னார்: “அது பிள்ளை இல்லையம்மா, வெறும் காத்து. டொக்டர்மார் அடிச்சு விட்டது.”

பின்னால் ஆட்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. “காத்தெண்டாலும் நோகும்தானே. நீ இரு” என்று கையைப் பிடித்து இருத்தினார்.

டொக்டர் சொன்ன மற்றதையும் அப்போதே நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. நாலு பேருக்கு முன்னால் அவர் மானம் போய்விடுமே என்று விழுங்கிக்கொண்டேன்.

வீட்டு வாசலிலேயே மாமி, அவருடைய அம்மா, கேட்டார்: “டொக்டர் என்னவாம்?”

“இவளிலதான் பிழையாம்” என்றார் அவர், செருப்பைக் கழற்றியபடி.

காற்று இரண்டு நாளில் போய்விட்டது. அவர் இன்னும் சோதனைக்குப் போகவில்லை. மாமி இப்போது அவருக்கு வேறு பெண் பார்க்கிறார். அன்று பஸ்ஸில் நான் காப்பாற்றிக் கொடுத்த மானத்தோடுதான் அவர் மாப்பிள்ளையாகப் போவார்.