நான் கழற்றிய பல்பு

செய்யதுவின் இடது கையில் இரண்டு விரல்கள் போனதற்குக் காரணம் நான். அவனுடைய கவனக்குறைவு அல்ல. அவன் வைத்திருந்த நோன்பு அல்ல. அவன் கண்ணும் அல்ல. நான்!

பல ஆண்டுகள் இதை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். முகம் தெரியாத உங்களிடம் சொல்வது எளிது என்று எண்ணித்தான் எழுத உட்கார்ந்தேன். எளிதாக இல்லை... நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் தலை குனிந்தபடிதான் எழுதுகிறேன்.

செய்யதும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவன் கடைசல் வேலை கற்றுக்கொண்டு சவூதிக்குப் போனான். நான் பாலிடெக்னிக்கில் மின்சாரம் படித்துவிட்டு ஊரிலேயே தங்கிவிட்டேன். அவன் திரும்பி வந்ததும், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இருவருமாக ஒரு லேத் பட்டறை போட்டோம். கடையத்திலிருந்து பம்புசெட் ஷாஃப்டுகள் வரும். புளியங்குடியில் எலுமிச்சை ஏற்றும் லாரிகளிலிருந்து ஏதாவது தேய்ந்த பாகம் வரும். லேத்தில் நிற்பது அவன். வருகிறவர்களிடம் பேசுவது, மோட்டார், வயரிங், விளக்கு எல்லாம் நான்.

விளக்கு... ஆம், விளக்குத்தான்.

சாரல் காலத்தில் மலையிலிருந்து மேகம் இறங்கிவிட்டால் நண்பகலிலேயே பட்டறைக்குள் அந்தியாகிவிடும். மேலே தகரக்கூரை வேறு. அதனால் வெளிச்சத்தைப் பார்த்துப் போடவேண்டும் என்று நானே திட்டம் போட்டேன். சோக்கும் ஸ்டார்ட்டரும் வைத்த ட்யூப் லைட்டுகளை வரிசையாக மாட்டினேன். பளீரென்று வெள்ளை வெளிச்சம்! செய்யது அண்ணாந்து பார்த்தான்.

"ஏலே சங்கரா, கல்யாண மண்டபம் மாதிரில்லா இருக்கு!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் எனக்கு ஒன்று தெரியும். அந்த வகை ட்யூப் லைட்டு சீராக எரிவதில்லை. மின்சாரத்தின் துடிப்போடு சேர்ந்து அதுவும் ஒவ்வொரு நொடியும் எத்தனையோ தடவை மங்கி மங்கி எரிகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. அதன் கீழே ஒரு பொருள் சுழன்றால், வேகம் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு வரும்போது அது நின்றுவிட்டதுபோலத் தோன்றும். சுழன்றுகொண்டுதான் இருக்கும், கண் மட்டும் நின்றுவிட்டது என்று சொல்லும்! இது எனக்குப் பாடமாகவே இருந்தது. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

அதற்கு வழியும் தெரியும். மூன்று ஃபேஸ் மின்சாரம் வரும் பட்டறையில் விளக்குகளை மூன்றுக்கும் பிரித்துக் கொடுத்தால், ஒன்று மங்கும் நேரத்தில் இன்னொன்று எரியும். திறப்பு விழா அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே ஃபேஸில் கொடுத்தேன். பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று லேத்துக்கு நேர் மேலே, வளைந்த கம்பியில் ஒரு மஞ்சள் குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். குண்டு பல்பின் இழை சூடு ஆறுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும்; அந்த வெளிச்சம் கண்ணை ஏமாற்றாது.

அந்தப் பல்பு எதற்காக அங்கே தொங்குகிறது என்று செய்யதுவிடம் நான் சொல்லவேயில்லை. ஏன் சொல்லவில்லை? சொன்னால் வயரிங்கை அரைகுறையாக விட்டது தெரிந்துவிடுமே... அவ்வளவுதான். எத்தனை முறை யோசித்தாலும் வேறு காரணம் அகப்படவில்லை.

அது நோன்பு மாதம். சாரல் தொடங்கியிருந்தது. பட்டறையை வீடியோ எடுத்துப் போட்டால் வெளியூர் வேலையும் வரும் என்று எனக்கு ஓர் ஆசை. கைப்பேசியில் எடுத்துப் பார்த்தேன். படத்தின் நடுவே அந்த மஞ்சள் பல்பு திட்டாக விழுந்தது. என் வெள்ளை வெளிச்சத்தைக் கெடுத்தது. கழற்றினேன்.

"பல்ப எங்கலே?" என்றான் செய்யது.

"படத்துக்காகக் கழத்துனேன். பொறவு மாட்டிருதேன்."

மாட்டவில்லை. முன்னறையில் உட்கார்ந்து, எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன். அவன் அலறியபோதும் என் கையில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது!

தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் லேத்தின் ஓசை அவனுக்குக் கேட்கவில்லை. சுவிட்சை அணைத்திருக்கிறான். வேலைப்பொருளை நான்கு தாடைகளால் கவ்விக்கொண்டு சுழலும் இரும்பு உருளைக்கு சக் என்று பெயர். அந்தச் சக்கின் வேகம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. குறையும் வழியில் ஒரு கணம் நின்றுவிட்டதாகத் தோன்றியிருக்கிறது. அவன் கையை நீட்டினான்...

ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு அவன் மனைவி மும்தாஜ் ஓடிவந்தாள். உள்ளேயிருந்து அவன் முனகுவது எங்கள் இருவருக்கும் கேட்டது. "நின்னுட்டு... நான் பாத்தேன்லே, நின்னுட்டு..."

"என்னண்ணே சொல்லுதாங்க அவங்க? எப்படிண்ணே ஆச்சு?"

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம் போதும்! நான் சொன்னது இது: "நோன்பு அசதிம்மா. கண்ணு இருட்டியிருக்கும்."

அவள் சுவரில் சாய்ந்தாள். "நோன்ப வச்சிக்கிட்டு மெசின் பக்கம் போவாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே..."

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போய் முதல் வேலையாகப் பல்பை அதன் இடத்தில் மாட்டினேன். அன்றைக்கே உட்கார்ந்து விளக்குகளை மூன்று ஃபேஸுக்கும் பிரித்திருக்கக் கூடாதா? அதையும் செய்யவில்லை. வயரைத் தொட்டால் யாராவது ஏன் என்று கேட்பார்களோ என்ற பயம்!

காயம் ஆறியது. சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லாமல் வாழ அவன் பழகிக்கொண்டான். கண்ணைத்தான் அவனால் நம்ப முடியவில்லை. திருநெல்வேலிக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தான். குறை ஒன்றும் பெரிதாக இல்லை என்று சொல்லி ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். அது போதாது என்று இன்னொரு டாக்டர். பைக்கை மச்சினனுக்குக் கொடுத்துவிட்டான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சாலையைக் கடக்க, யாராவது துணைக்கு வரும்வரை ஓரமாக நின்றுகொண்டிருப்பான். லேத்துக்கு வேறொரு ஆளைப் போட்டோம். செய்யது முன்னறையில் உட்கார்ந்து போனை எடுத்துப் பேசினான். எப்பேர்ப்பட்ட வேலைக்காரன்!

"ஒரு வண்டி நிக்கா, வருதான்னே எனக்குச் சட்டுனு தெரிய மாட்டேங்குலே," என்றான் ஒருநாள். நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்தேன்... அந்த டீ எப்படி என் தொண்டையில் இறங்கியது?

இந்த ஆண்டு ட்யூப் லைட்டுகள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டத் தொடங்கின. சோக் வாங்கப் போனால், தென்காசிக் கடையில் இருந்த பெண் சிரித்தாள். "சோக்கெல்லாம் இப்ப யாரு வாங்குதா அண்ணாச்சி? எல்லாத்தையும் எல்இடியா மாத்திருங்க." சரி, மொத்தமாக மாற்றிவிடுவோம் என்று முடிவு செய்தேன். செய்யதுவும் கடைக்கு வந்தான்.

எல்இடியிலும் மட்டமானவை துடிக்கும். கைப்பேசி கேமராவை விளக்குக்கு நேரே பிடித்தால் திரையில் கோடு கோடாக ஓடும். சீரான விளக்கென்றால் ஓடாது. கடையில் அப்படித்தான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்யது எட்டிப் பார்த்தான்.

"என்னலே கோடு ஓடுது?"

"லைட்டு துடிக்கு."

"துடிச்சா என்ன?"

கடைப்பெண்ணும் என்னைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல... கண்ணு வலிக்கும்," என்றேன்.

"நீயே பாத்து எடுலே. எனக்குத்தான் கண்ணு பத்தாதே."

விளக்குகளை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கடைக்கு எதிரே கோயில் வாசலில் கூட்டம். அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் எனக்கு அது உறைத்தது. பழைய ட்யூப் லைட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டால், அன்று நடந்தது என்ன என்பதற்கு இந்த உலகத்தில் ஒரு சாட்சியும் மிஞ்சாது. நான் தப்பித்துவிடுவேன். அவன் சாகிறவரை தன் கண்ணைச் சந்தேகித்துக்கொண்டே சாலையோரத்தில் நிற்பான்!

மறுநாள் நல்ல சாரல். லேத்துக்காரர் சாப்பிடப் போயிருந்தார். செய்யதுவை உள்ளே கூப்பிட்டேன். ஷட்டரைப் பாதி இறக்கினேன். ட்யூப் லைட்டுகளைப் போட்டேன். குண்டு பல்பை அணைத்தேன்.

"லேத்த ஓடவிட்டு நிறுத்தப்போறேன். நீ அங்கனயே நில்லு. நின்னதும் சொல்லு."

"எங்கிட்ட ஏம்லே கேக்க?"

"சொல்லுலே."

சுவிட்சை அணைத்தேன். வேகம் இறங்கியது. இறங்கியது... சக்கின் நான்கு தாடைகளும் தெளிவாகத் தெரிந்தன, சிலைபோல!

"நின்னுட்டு," என்றான்.

கையிலிருந்த நாளிதழைச் சுருட்டி அதன்மேல் வைத்தேன். படாரென்று கிழிந்து பறந்தது. செய்யது பின்னால் துள்ளினான்.

குண்டு பல்பைப் போட்டு மறுபடி ஓட்டினேன். இந்த முறை அது சுழன்று, வேகம் தணிந்து, நிற்பது முழுதும் தெரிந்தது.

"பல்ப அணைச்சிட்டு இன்னொருக்க போடு," என்றான். போட்டேன். "இன்னொருக்க." போட்டேன். அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பார்த்தான். அவன் முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. சிரித்தான்! கண்ணில் நீர் வழியச் சிரித்தான்.

"அப்போ எங்கண்ணுக்கு ஒண்ணுமில்ல... அப்படித்தானலே? நான் பாத்தது சரிதான? அல்லாவே... நோன்பும் காரணமில்ல!"

"ஒண்ணுமில்லடா. நீ பாத்தது சரி."

அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல அவன் முகத்திலிருந்து இறங்கியது. பிறகு கேட்டான்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனான். மழையில், துணைக்கு யாரையும் எதிர்பாராமல், வண்டிகளைப் பார்த்துப் பார்த்து அவனாகவே சாலையைக் கடந்தான். நான் வாசலில் நின்று பார்த்தேன்... மகிழ்ந்தேன் என்று சொன்னால் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் மகிழ்ந்தேன்.

சில நாட்கள் அவன் வரவில்லை. விளக்கை மாற்ற எனக்குக் கை எழவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நேராகப் பட்டறைக்கு வந்தான். மச்சினனிடமிருந்து திரும்ப வாங்கிய பைக்கில், அவனே ஓட்டிக்கொண்டு!

இறங்காமலே பேசினான். "லைட்ட மாத்தணும். ஆனா நீ எடுக்காண்டாம். நான் எடுக்கேன். பொறவு... என் வீட்டுல நீயே வந்து சொல்லணும்."

போனேன். மும்தாஜ் டீ கொண்டுவந்து வைத்தாள். சொன்னேன். பல்பைக் கழற்றியது, மாட்டியது, வராந்தாவில் சொன்ன பொய், எல்லாம். அவள் செய்யதுவைப் பார்த்தாளே தவிர என்னைப் பார்க்கவில்லை.

"அவங்கள நான் என்னவெல்லாம் பேசியிருக்கேன் தெரியுமாண்ணே?" என்றாள். "ஒவ்வொரு நோன்புக்கும் சொல்லிக் காட்டியிருக்கேன். அதையெல்லாம் நான் எங்கன கொண்டு போய் வைக்க?"

உங்களிடம் பதில் இருக்கிறதா? அவள் என்னைப் போகச் சொல்லவில்லை. திரும்ப வரச் சொல்லவும் இல்லை.

விளக்குகளை அவனே எடுத்தான். நான் ஓரமாக நின்றேன். ஒவ்வொன்றையும் எரியவிட்டு, கைப்பேசியைப் பிடித்து, கோடு ஓடாதவற்றை மட்டும் பொறுக்கினான். நான் எடுத்து வைக்கச் சொல்லியிருந்ததில் இரண்டைத் தள்ளினான். பட்டறையில் எதை எங்கே மாட்டவேண்டும் என்று அவன் சொல்லச் சொல்ல, நான் ஏணியில் ஏறி மாட்டினேன். மூன்று ஃபேஸுக்கும் பிரித்துக் கொடுத்தேன், பல ஆண்டுகள் தாமதமாக. புது விளக்குக்கு அது அவசியமில்லை. ஆனாலும் கொடுத்தேன்.

இப்போது செய்யது மறுபடியும் லேத்தில் நிற்கிறான். முதலில் சின்னச் சின்ன வேலைகள். இப்போது ஷாஃப்டுகளையும் தொடுகிறான். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் விளக்கு மாற்ற யோசனை கேட்டு அவனிடம்தான் வருகிறார்கள். ட்யூப் லைட்டின் கீழே சக் எப்படி ஏமாற்றும் என்று விளக்குகிறான். "எங்க பட்டறையில பல்பு ஒண்ணு இருந்துச்சு, ஒருநாள் இல்லாமப் போச்சு," என்று மட்டும் சொல்கிறான். என் பேரைச் சொல்வதில்லை. மன்னிப்பா அது? நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையும் இல்லை. என்னோடு வேலைக்கு வேண்டியதைப் பேசுகிறான். அதுவே நான் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

நேற்று பகலில் மழை பிடித்துக்கொண்டது. உள்ளே மூலை முடுக்கெல்லாம் வெளிச்சம். அளவு பார்க்கும் கருவியைக் கேட்டு என் பக்கம் கையை நீட்டினான். இடது கை. அதைப் பார்க்காமலிருக்க நான் எப்படியோ பழகியிருந்தேன். இந்த வெளிச்சத்தில் அது முடியவில்லை. கொடுத்தேன். மூன்று விரல்களால் வாங்கிக்கொண்டு அவன் சுவிட்சை அணைத்தான்.

சக் சுழன்றது. வேகம் தணிந்தது. அவன் காத்திருந்தான். நானும் காத்திருந்தேன். அது நின்றது, உண்மையாகவே நின்றது.

அவன் கையை நீட்டினான். அந்தக் கை திரும்பி வரும்வரை நான் மூச்சு விடவில்லை.