பூங்கோதை அக்காவும் தொள்ளாயிரத்து நாற்பதும்

சுனைத் தண்ணீர் வரும் ஓஸில் வழியில் யாராவது ஓட்டை போட்டால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் குறைகிறது. நெட் வரும் பைபர் லைனும் அப்படித்தானே? இந்தக் கேள்வியை ஊர்க் கூட்டத்தில் என்னிடம் கேட்டார்கள். எங்கள் ஊரில் பன்னிரண்டாவது முடித்தது நான் ஒருத்திதான். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் பூங்கோதை அக்காவின் பிழைப்பு போயிற்று. அது எப்படி நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

அக்காவுக்கு முப்பத்தாறு வயது. எட்டாவதோடு படிப்பு நின்றது. புருஷன் கோவிந்தன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். மூன்று வருடங்களுக்கு முன் ஒடுகத்தூர் கேபிள்காரர் குமரேசன் ஜவ்வாது மலைக்கு பைபர் இழுத்தபோது, கேபிள் உருளையைச் சுமக்கும் கூலியாகத்தான் அக்கா போனார். இழையை ஒட்ட வந்த ஆளுக்கு மலைக் குளிரில் கை நடுங்கியது. தலைமுடியை விட மெல்லிய கண்ணாடி இழை அது. நாலு முறை உடைத்துவிட்டான். ஐந்தாவது முறை, "குட்றா, நான் புடிக்கிறேன்" என்று அக்கா வாங்கினார். ஒட்டு சுத்தமாக விழுந்தது. அன்றிலிருந்து மலையில் எங்கே லைன் அறுந்தாலும் அக்காதான். சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாலும் கையைக் கழுவிவிட்டு குமரேசன் கொடுத்த ஒட்டு மெஷின் பையோடு கிளம்பிவிடுவார்.

வெட்டிய இழைத் துண்டுகளைக் கீழே போடவே மாட்டார். காலில் ஏறினால் அதை எடுக்க முடியாது, பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம் என்பார். ஒரு காலி மாத்திரை டப்பாவில் துண்டு துண்டாகச் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோய் வைப்பார்.

போன வருடம் வேலூர்க்காரர் ராஜ்குமார் எங்கள் ஊருக்குக் கீழே ஸ்டே என்று ஒரு தங்கும் விடுதி கட்டினார். மலையில் தங்கிக்கொண்டே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்களுக்கு என்று சொல்லி, இரண்டு கிகாபிட் பிளான் போட்டார். அதாவது இரண்டாயிரம் எம்பி. விலை உயர்ந்த ரவுட்டர் ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்தார். அதை மாட்டி, மாலை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டவர் குமரேசனே. வாசல் பலகையில் இரண்டாயிரம் என்று பெரிதாக எழுதினார்கள். கல்லூரி கவுன்சிலிங்குக்குக் காத்திருந்த நான் அங்கே படுக்கை விரிப்பு மாற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். மலையை விட்டு எப்போது இறங்குவோம் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு அப்போது முக்கியமாக இல்லை.

முதலில் வந்த கம்பெனிக்காரர்கள் லேப்டாப்பில் ஒயரைச் சொருகி ஸ்பீடு பார்த்தார்கள். தொள்ளாயிரத்து நாற்பது காட்டியது.

"பாதி எங்க சார்? மலை எறங்கும்போது வழுக்கி வுழுந்துடுச்சா?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். ராஜ்குமாரின் முகம் கறுத்தது. அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அக்கா வந்து ரவுட்டரின் பின்பக்கம் குனிந்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். நான் தலையணை உறையோடு கதவருகில் நின்றேன்.

"சார், லைன் நல்லாத்தான் கீது. இதுல ஒயர் சொருவற போர்ட் அஞ்சு கீது. ரெண்டுலதான் 2.5ன்னு போட்டுக்கீது, ரெண்டாயிரத்து ஐநூறு வரைக்கும் வுடும். மத்த மூணும் ஆயிரத்துக்கு மேல வுடாது. உள்ள வர்ற ஒயர எங்க கேபிள் ஓனரு மாத்திச் சொருவிட்டாரு. எடுத்து இதுல போட்டா வந்துடும்."

"கைய எடு! அது இன்னா வெலைன்னு தெரியுமா? புளி உலுக்கற கையால தொட வந்துட்ட. நடுவுல எவனோ என் லைன இழுக்கறான்" என்றார் ராஜ்குமார்.

"யாராச்சும் இழுத்தா ஏறி எறங்கும் சார். இது காலைல பாத்தாலும் தொள்ளாயிரத்து நாப்பது, மத்தியானம் பாத்தாலும் அதேதான். போர்ட் அவ்ளோதான் வுடுது."

"எனக்கே பாடம் நடத்தறியா? உங்க ஊருக்கு என் லைன்லேர்ந்து ஒட்டு போட்டு வுட்டுட்டு போர்ட்டு கீர்ட்டுன்னு கதை வுடறே."

மறுநாள் குமரேசன் மலையேறி வந்தார். மாட்டியதில் தப்பு என்றால் அது அவருடைய தப்பு. அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஊருக்குள் லைன் பிரியும் பெட்டியை மேலே கட்டியிருக்கும் புளிய மரத்தடிக்கு ராஜ்குமாரையும் அழைத்துக்கொண்டு போனார். என்னை ஸ்டேயில் லேப்டாப் முன்னால் உட்காரவைத்து, போனில் நம்பரைச் சொல்லச் சொன்னார்கள். அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்டது.

"ஊர் லைன் பதினொண்ணையும் கழட்டு" என்றார் குமரேசன்.

"கழட்டினாலும் ஏறாதுங்க."

"ஏறுதா இல்லையான்னு நாங்க பாத்துக்கறோம். கழட்டுடி."

அக்கா மரம் ஏறினார். ஒவ்வொரு லைனைக் கழற்றும்போதும் எந்த வீடு என்று சொன்னார். பச்சையம்மா வூடு. ரங்கசாமி மாமா வூடு. என் பெயரைச் சொல்லி, அவ வூடு. கடைசியாகத் தன் வீடு. பதினொன்றும் போன பிறகு நான் மறுபடி ஸ்பீடு பார்த்தேன்.

"தொள்ளாயிரத்து நாற்பது" என்றேன்.

"கேட்டுக்கினீங்களா?" என்று அக்காவின் குரல் மரத்தின் மேலிருந்து வந்தது. சந்தோஷமாக வந்தது. எல்லாம் தெளிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

குமரேசன் ராஜ்குமாரிடம் சொன்னார்: "அப்டின்னா இந்தப் பொட்டில இல்ல சார். நேத்து நீங்க கேட்டதும் உஷாராயிட்டா. வேற எங்கயோ திருட்டு ஒட்டு போட்டுக்கினு கீறா."

நான் மேலே ஓடுவதற்குள் அக்காவின் வீட்டில் புகுந்துவிட்டார்கள். சாமை மூட்டை சாய்ந்து கிடந்தது. புடவைப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. குமரேசன் மாத்திரை டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்த இழைத் துண்டுகளை ஊருக்கெல்லாம் காட்டினார்.

"இதோ! யோக்கியமானவ எதுக்குடி வூட்ல பைபர் வெச்சிக்கினு கீறா?"

"அது விரல் நீளம் கூட இல்லீங்க. குப்பைங்க. காலுல ஏறக்கூடாதுன்னு..."

"குப்பைய வூட்ல யாராச்சும் சேத்து வெப்பாளா?" என்று பச்சையம்மா கேட்டார். அவர் அக்காவின் பக்கத்து வீடு. கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். குமரேசன் மெஷின் பையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

எங்கள் லைன்களை அவர் திரும்ப மாட்டவில்லை. அக்கா மாட்டலாமா என்றால், பெட்டிக்குப் பூட்டு போட்டிருந்தார். ஒன்பது நாள் ஊரில் நெட் இல்லை. செல் டவர் எங்கள் பள்ளத்துக்குப் பேசும் அளவுக்குத்தான் எட்டும், அதில் நெட் வராது. அக்காதான் திருட்டு ஒட்டு போட்டார் என்று ஊரே எழுதிக் கொடுத்தால் லைன் கொடுப்பதாகச் சொல்லி அனுப்பினார் குமரேசன்.

பத்தாம் நாள் காலையில் கூட்டம் கூடியது. ஊருக்குப் பெரியவர் ரங்கசாமி மாமா.

"எம்புள்ள மூஞ்சிய வீடியோல பாத்து ஒம்போது நாளாவுது" என்று பச்சையம்மா அக்காவைப் பார்த்துக் கத்தினார். "அல்லாம் உன்னாலதான். பெரிய இன்ஜினீரு!"

"நான் ஒட்டு போடல. போர்ட் மாத்திச் சொருவிக்கீது. வாங்க, வந்து பாருங்க, நெம்பர் எழுதிக்கீது" என்றார் அக்கா.

ரங்கசாமி மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொல்லு பாப்பா. சுனையிலேர்ந்து ஓஸ் போட்டு தண்ணி கொணாறோம். நடுவுல எவனாச்சும் முள்ளால குத்தினா கொறையுது. இதுவும் அப்டித்தானே?"

"என்னக் கேளுங்க மாமா, அவள ஏன் கேக்கறீங்க?"

"நீ எட்டாவது. அது பன்னெண்டாவது. நீ செத்த சும்மா இரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார். ஸ்டேயில் அவர் சொன்னது முழுவதையும் நான் கேட்டிருந்தேன். ஆனால் அது சரியா என்று எனக்குத் தெரியாது. பள்ளியில் யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. திங்கட்கிழமை எனக்குக் கவுன்சிலிங். அதற்கு லைன் வேண்டும்; ஸ்டே நெட்டை வேலைக்காரர்கள் தொடக்கூடாது. இதுவும் என் மனதில் இருந்தது.

"தெரியல மாமா" என்றேன்.

"படிச்சவளுக்கே தெரியல. இவளுக்குத் தெரிஞ்சிடுச்சாம்" என்றார் மாமா.

குமரேசன் கேட்ட தாளை எழுதியதும் நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள். அக்கா வீட்டைத் தவிர்த்துப் பத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். என் அப்பாவும் வைத்தார். மத்தியானமே லைன் வந்தது. பத்து வீட்டுக்கு வந்தது.

கவுன்சிலிங்கில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஸ்டே வேலையிலேயே இருந்தேன். ஒரு மாதம் கழித்து, பெங்களூரிலிருந்து அபிநயா என்று ஒரு பெண் தங்க வந்தார். ஸ்பீடு பார்த்துவிட்டு, எழுந்து போய் ரவுட்டரைத் திருப்பினார்.

"சார், இன்கமிங் ஒயரைத் தப்பான போர்ட்ல போட்டிருக்கீங்க. அதான் தொள்ளாயிரத்து நாப்பதுலயே நிக்குது" என்று சொல்லி, ஒயரைப் பிடுங்கிப் பக்கத்தில் சொருகினார். ஏதோ செட்டிங்கை மாற்றினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது வந்தது.

ராஜ்குமார் என்னைப் பார்த்தார். "இத போயி ஊர்ல சொல்லிக்கினு இருக்காத. வேலை ஓணுமில்ல?"

அன்று சாயங்காலமே ரங்கசாமி மாமாவிடம் சொன்னேன். அவர் கொட்டை எடுத்த புளியை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"லைன் வந்துட்ச்சில்ல. வுடு. இப்ப அவ திருடலன்னா, ஊரே பொய்க் கையெழுத்து போட்டோம்னு ஆவும். உங்கப்பனும் சேத்துதான். வாய மூடிக்கினு போ."

பிறகு அக்காவிடம் போனேன். அவர் அன்றுதான் சந்தவாசல் போய்த் திரும்பியிருந்தார். அங்கே ஒரு கேபிள்காரரிடம் ஒட்டு வேலை கேட்கப் போயிருக்கிறார். அதற்கு முன்பு இரண்டு ஊர்களில் கேட்டாகிவிட்டது.

"அக்கா, போர்ட்தான். நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

"எனுக்கு அன்னிக்கே தெரியுமே. இத சொல்றதுக்கா வந்தே?"

அக்கா கால் தூசியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சந்தவாசல்காரரு போன்ல உன் தாளக் காட்டினாரு. மூணு ஜில்லா கேபிள்காரங்க வாட்ஸப் குரூப்புலயும் குமரேசன் போட்டு வுட்டுருக்கான். உன் கையெழுத்து அழகா கீதுன்னு அவருகூட சொன்னாருடி."

மறுவாரம் கோவிந்தன் வந்து அக்காவைத் திருப்பூருக்கு அழைத்துப் போனார். அங்கே பனியனில் பிசிறு வெட்டும் வேலையாம்.

அந்தத் தாள் இன்னும் போனுக்குப் போன் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதை என்னால் நிறுத்த முடியாது. இதைப் படிக்கிறவர்களுக்கு வேலூரிலோ திருவண்ணாமலையிலோ திருப்பத்தூரிலோ ஒரு கேபிள்காரரைத் தெரிந்தால், இதை அவருக்கு அனுப்புங்கள். பூங்கோதை யாருடைய லைனையும் திருடவில்லை, ஒயர் தப்பான போர்ட்டில் இருந்தது என்று சொல்லுங்கள். அந்தத் தாளை எழுதியவளே இதையும் எழுதினாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.