பெட்டிக்கு வைத்த சந்தனம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நான் உதவியாள். டீ கொடுப்பேன், கூட்டுவேன், வயரைச் செருகச் சொன்னால் செருகுவேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் எதிரில் பேச வராது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், முத்தாபுதுப்பேட்டையில் என் வீட்டுக்கு மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மதியமே கிளம்ப மேனேஜர் அனுமதி கொடுத்திருந்தார். கிளம்பும் நேரத்தில் கரையான்சாவடியிலிருந்து என்ஜினியர் வந்து சேர்ந்தார். கம்பெனி ஃபைல்கள் எல்லாம் கிடக்கும் ஸ்டோரேஜ் பெட்டியில் வேலை.

"ஒரே வயரு அண்ணாத்தே. மாத்திட்டு நீ போய்கினே இரு."

லேப்டாப்பின் கறுப்புத் திரையில் ஏதோ தட்டினார். பெட்டியில் வயர் செருகும் துளைக்குப் போர்ட் என்று பெயர்; நாலாவது போர்ட்டின் வேகத்தைக் கூட்டிவிட்டாராம். அதில் பழைய வயரைப் பிடுங்கிப் புதியதைச் செருகினால் முடிந்தது. பெட்டிக்குப் பின்னால் குனிந்து டார்ச் அடித்தேன்.

"நம்பரே இல்ல சார். சந்தனந்தான் கீது."

ஆயுத பூஜைக்கு மேனேஜர் தன் கையாலேயே பூசியது. போர்ட் வரிசை முழுக்கச் சந்தனம், ஒவ்வொரு விளக்கின் மேலும் ஒரு குங்குமம். பிள்ளையாருக்குக்கூட அவ்வளவு வைத்திருக்க மாட்டார்.

"சொரண்டு," என்றார் என்ஜினியர்.

"வெள்ளிக்கிழமை பொட்ட அழிப்பியா நீ?" என்று பக்கத்து அறையிலிருந்து மேனேஜர் அதட்டினார். மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது. குனிந்தபடியே நின்றேன்.

"நாலாவத ஆஃப் பண்றேன். எந்த லைட் அணையுதுன்னு பாரு," என்றார் என்ஜினியர்.

"எல்லாமே அணைஞ்சா மாதிரிதான் கீது சார்."

அவர் எண்டரைத் தட்டிவிட்டார். பக்கத்து அறையில் ஒரு அலறல்.

"எவன்டா அவன்! சேவ்கூட பண்ணலடா!"

நாலாவது போர்ட் மேனேஜருடையது.

"பொட்டு போனாத்தான் சார் ஃபைல் வரும்," என்றார் என்ஜினியர், சிரிக்காமல்.

மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பைக் சாவியாலேயே கரகரவென்று சுரண்டினார். வெள்ளிக்கிழமை எங்கே போனதோ! நம்பர் தெரிந்தது. வயரை மாற்றிவிட்டு ஓடினேன்.

வீட்டில் பஜ்ஜி தீர்ந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணோட அப்பனுக்கு இதவிட இன்னா வேல?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "மெஷினுக்கு வெச்ச சாமி பொட்டு. அழிக்க மன்சு வர்ல. அதான் லேட்டு."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தியா? பக்தியான குடும்பம். தட்ட மாத்திடலாம்."

சாவி விஷயத்தை இன்றுவரை சம்பந்தியிடம் சொல்லவில்லை.