பள்ளிகொண்டா கொட்டகையில் இரண்டு நாள்

என் அத்தை மகள் கல்யாணத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆம்பூரில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் கட்டியிருந்த வாழை மரங்களை யாரோ வெட்டி மாட்டுக்குப் போட்டிருந்தார்கள். அப்பா தகரப் பெட்டியை மடியில் வைத்தபடி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். இறங்குவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவன் நான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். என் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

எங்கள் வகையறாவில் மணப்பெண்ணுக்குத் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். தங்க ரேக்கில் வெட்டிய சின்னத் தகடு அது. அதை மாமன் பெண்ணின் நெற்றியில் கட்டி, கையைப் பிடித்து அழைத்து வந்து மணையில் உட்கார வைத்த பிறகுதான் ஐயர் வாயைத் திறப்பார். மாமன் இறந்திருந்தால் மாமன் முறையில் வேறொருவர் கட்டலாம். உயிரோடு இருக்கிற மாமனை விட்டு வேறொருவர் கட்டினால் அந்த மாமன் செத்ததாகக் கணக்கு. இதற்கு எழுதிய விதி எதுவும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, இதை யாரும் தப்பாகப் படித்ததும் கிடையாது.

அப்பாவுக்கும் அவருடைய ஒரே தங்கையான அத்தைக்கும் ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை. அவர்களுடைய அம்மா இறந்தது நல்ல கோடையில். அத்தை ஆம்பூரிலிருந்து வாலாஜாபேட்டைக்கு வந்து சேர்வதற்குள் அப்பா எடுத்துவிட்டார். காத்திருக்க முடியாத உடம்பு என்று தெருவில் எல்லோரும்தான் சொன்னார்கள். அத்தை வண்டியை விட்டு இறங்கி, கழுவிவிட்ட வாசலைப் பார்த்து, "எங்கம்மா முகத்த எனக்குக் காட்டலியே ண்ணா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் அதே வண்டியில் திரும்பிப் போனாள்.

பிறகு மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவளே வெற்றிலை பாக்கு கொடுத்துத் தன் புருஷனை அனுப்பி வைத்தாள். "மாமன் வந்து பட்டம் கட்டினாத்தான் பொண்ண மணையில உக்கார வெப்பேன்னு நிக்கிறா உங்க தங்கச்சி" என்றார் அவர். அப்பா கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "வரேன்னு சொல்லுங்க" என்றார்.

ரயில் ஏறினால் அரை நாளில் ஆம்பூர். அப்பா கேட்கவில்லை.

"மாமன் சீர் இன்னா, ரயில்ல போற பார்சலா? வண்டி கட்டிக்கினு போய் அவ வாசல்ல நிறுத்தணும். தெருவே பாக்கணும்."

வியாழக்கிழமை காலையில் முகூர்த்தம். திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். அப்பா, அம்மா, அக்கா, நான், வண்டிக்காரர். சீர்ப் புடவையும் பட்டமும் அப்பாவின் தகரப் பெட்டியில். முதல் நாள் வேலூர் சத்திரம், இரண்டாம் நாள் பள்ளிகொண்டா தாண்டி எங்காவது, மூன்றாம் நாள் சாயங்காலம் ஆம்பூர். ஏற்பாடு என்னுடையது. அப்போது நான் ஒரு தாலுக்கா ஆபீஸில் நகல் எழுதும் குமாஸ்தா. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எல்லா விதியும் தெரியும் என்று நினைக்கிற வயது.

ஒரே ஒரு சிக்கல் அக்காதான். அவள் புருஷனுக்குத் தங்கவயலில் வேலை. அங்கே பிளேக். கல்யாணத்துக்காக அவள் நாங்கள் கிளம்புவதற்கு எட்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமைதான் அங்கிருந்து வந்திருந்தாள். நோய் உள்ள ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஸ்டேஷனில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். பத்து நாள் வரை தினமும் காலையில் அந்தச் சீட்டோடு போய், அன்று இருக்கிற ஊரின் கிராம அதிகாரியிடம் தலையைக் காட்ட வேண்டும். அக்கா தவறாமல் காட்டினாள். ஆனால் சீட்டைப் புடவை மடியில் செருகியே வைத்திருந்ததால் வியர்வையில் மை கலைந்து, தேதி இருந்த இடம் வெறும் நீலத் திட்டாகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் சாலையோரத்தில் ஓலைக் கொட்டகை ஒன்று. குறுக்கே மூங்கில். சேவகர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். உள்ளே பிளேக் இன்ஸ்பெக்டர், சாப்பிட்ட களையில் உட்கார்ந்திருந்தார். அக்காவின் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தேதி ஒண்ணா, ஏழா, எதுவுமே தெரியலியே. பத்து நாள் ஆயிடுச்சில்லம்மா?"

கேட்டுக்கொண்டே பேனாவை மையில் தோய்த்துவிட்டார். அவர் எழுதப்போவது 'பத்து' என்று கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அக்கா தலையாட்டத் தொடங்கினாள்.

"ஒன்பது" என்றேன் நான். "இன்னியோட ஒன்பது சார். வந்த நாள் கணக்குல சேராது. நாளைக்குத்தான் பத்து முடியுது."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தம்பிக்கு எங்க வேலை?"

சொன்னேன்.

"அதான. நான் அந்தம்மாவக் கேட்டா ஆபீஸ் பதில் சொல்லுது. சரி, சொல்லிட்ட. இனிமே என் காதுல விழலன்னு நான் சொல்ல முடியாது."

பத்து நாள் முடியாதவர்களை ஒரு தடவை நிறுத்திவிட்டால், இடையில் பத்து முடிந்தாலும், டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே மேலே விடலாம். டாக்டர் வருவது திங்களும் வியாழனும். நேற்று வந்து போய்விட்டார்.

"வியாழக்கிழமை காலையில முகூர்த்தம்ங்க" என்றாள் அம்மா.

"அவரு மத்தியானம் வருவாரும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். எங்கள் நான்கு பேர் பெயரையும் ஒரே சீட்டில் எழுதி ஆணியில் குத்தினார்.

அன்று சாயங்காலம் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வாய மூடிக்கினு இருந்தா உன் உத்தியோகம் போய்ட்டிருக்குமாடா?"

"பொய் எழுதிக் கொடுத்தா போவும்."

"நீயாடா எழுதின? அவரு எழுதறாரு. நான் தலையாட்டறேன். உனக்கு இன்னா வந்துச்சு நடுவுல?"

அவளுக்கு விதியை விளக்கிச் சொன்னேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டாள்.

எங்களை நிறுத்திய மூங்கிலைத் தூக்கித் தூக்கி மற்ற வண்டிகளை விட்டுக்கொண்டிருந்தார்கள். தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டிகள், உப்புப் போட்ட பச்சைத் தோல் ஏற்றிய வண்டிகள். எந்த ஊர் மாடு, எதனால் செத்தது என்று யாரும் கேட்கவில்லை. விதியில் தோலைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்பா அந்த வண்டிகள் போகும்போதெல்லாம் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் ஊரிலும் அவர் அப்படித்தான். தோல் வண்டி எதிரே வந்தால் சந்தில் ஒதுங்கி நிற்பார்.

புதன்கிழமை காலையில் மூன்று தோல் வண்டிகளோடு ஒரு சாயபு வந்தார். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றுக்குச் சரக்குக் கொண்டுபோகிறவர். மாடுகளைத் தண்ணீருக்கு அவிழ்த்துவிட்டு, நிழல் தேடி எங்களருகே வந்தவர், பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, காலங்காத்தால பேஜாரா உக்காந்துக்கினு கீறீங்க?"

அம்மாதான் சொன்னாள். சாயபு முழுவதையும் கேட்டார்.

"இவ்ளோதானா? பெரியவர் என் வண்டியில ஏறட்டும். சாயங்காலத்துக்குள்ள தங்கச்சி வாசல்ல எறக்கி வுட்டுர்றேன். நாத்தம் கொஞ்சம் ஜாஸ்திதான். ஆம்பூர் போய்ட்டா ஒருத்தனுக்கும் தெரியாது, அந்த ஊரே அப்படித்தான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எங்களில் யாரும் சிரிக்கவில்லை. அப்பா எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"வரேன் சாயபு" என்றார்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ரயில் மரியாதைக் குறைவு என்று சொன்ன மனிதர், பெட்டியை இடுக்கிக்கொண்டு நேராகப் போய், தோல் வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒரு காலை வைத்துவிட்டார். துண்டு தோளில்தான் கிடந்தது. மூக்குப் பக்கம் போகவில்லை.

இன்ஸ்பெக்டர் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். "பெரியவர் மட்டுமா? அவரு எந்த ஊருக்கும் போய் வரல. போகட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னா தம்பி, போகலாமில்ல? உன்னக் கேக்காம விட்டா அப்புறம் நீயே மேல எழுதிப் போடுவ."

குத்தலாகத்தான் கேட்டார். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"ஒரே சீட்டுல எழுதினவங்க தனித்தனியாப் போகக் கூடாது சார். போனா கேஸ் ஆவும்."

எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆறு மாதம் முன்பு அந்த விதிகளை எங்கள் ஆபீஸில் நகல் எடுத்தபோது அந்த வரியை என் கையாலேயே எழுதியிருந்தேன்.

அப்பா காலை எடுக்காமலே கேட்டார். "அப்படியா எழுதியிருக்கு?"

"ஆமாம்பா."

"நீ பாத்தியா?"

"நானே எழுதினேன்பா."

அப்பா காலைக் கீழே வைத்தார். மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விட்டார். "பையன் படிச்சவன்" என்றார் சாயபுவிடம்.

"படிச்ச புள்ள சொன்னா சரிதான்" என்றார் சாயபு, என்னைப் பார்க்காமல். "பொட்டியவாவது குடுங்க பெரியவரே, சேத்துடறேன்."

"பொட்டி போய் இன்னா பண்ணும் சாயபு? கை போவணும்."

வண்டிகள் போய்விட்டன. அவற்றின் நாற்றம் வெகுநேரம் அங்கேயே இருந்தது.

வியாழக்கிழமை காலையில் அப்பா பாலாற்று ஊற்றில் குளித்துவிட்டு, முகூர்த்தத்துக்கென்று வைத்திருந்த புது வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். வெயில் ஏறிய ஒரு நேரத்தில் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார். முகூர்த்தம் முடிந்துவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டோம். மத்தியானம் டாக்டர் வந்தார். அக்காவை நாக்கை நீட்டச் சொன்னார், கையைப் பிடித்துப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். எங்கள் மூவரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆம்பூர். அத்தை வாசலுக்கு வந்தாள்.

"வாங்க" என்றாள்.

பேச்சே இல்லாத ஏழு வருஷத்துக்கு முன்னால் 'வாண்ணா' என்று ஓடி வருகிறவள். அப்பா வண்டியிலிருந்து இறங்கி நின்றார். "பிளேக் கொட்டகையில நிறுத்திட்டாங்கம்மா" என்றார்.

"கேள்விப்பட்டேன். சாயபு ஒருத்தர் புதன்கிழமையே வந்து சொல்லிட்டுப் போனாரு. வண்டியில எடம் குடுத்தாராம். காலத் தூக்கி வெச்சுட்டு எறங்கிட்டியாம்." அவள் குரல் உயரவே இல்லை. "என் சம்பந்தி வீட்டுல ஆவாரம்பட்டை ஏவாரம். தோல்லதான் அவங்களுக்குச் சோறு. மாமனுக்குத் தோல் வண்டி ஆவலியாமேன்னு பந்தல்ல கேக்கறாங்க. நான் இன்னா சொல்லட்டும்?"

அதுதான் நான் பேச வேண்டிய நேரம். இரண்டு நாளாக யாரும் கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னவன் நான். வண்டியின் பின்பக்கம் மூட்டையை அவிழ்க்கிறவன் போல நின்றுகொண்டிருந்தேன். அப்பாவும் என் பக்கம் திரும்பவில்லை.

"ஆமாம்மா. நாத்தம் தாங்கல. எறங்கிட்டேன்" என்றார்.

அத்தை புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"முடிஞ்ச மட்டும் நிறுத்தி வெச்சேன். ஐயரு முடியாதுன்னுட்டாரு. காத்திருக்க முடியாத நேரம் ண்ணா. உனக்குத் தெரியாததா?"

சீர்ப் புடவையை வாங்கிக்கொண்டாள். பட்டத்தைக் கையிலேயே எடுக்கவில்லை. யாரோ ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் வேறு பட்டம் கட்டியாகிவிட்டது. எங்களுக்கு இலை போட்டார்கள். நேற்றைய பலகாரமும் சுடச்சுடச் சோறும். அப்பா மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அதன் பிறகு அத்தை எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அப்பா இறந்தபோது ஆம்பூருக்கு ஆள் அனுப்பிவிட்டு, மறுநாள் மத்தியானம் வரை எடுக்காமல் வைத்திருந்தேன். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் வரவில்லை.

அதற்குச் சில வருஷம் முன்பு, எனக்குக் கொஞ்சம் பதவி உயர்ந்திருந்த சமயம், அந்தப் பிளேக் விதிகளின் கட்டு என் மேஜைக்கு வந்தது. நாங்கள் நகல் எழுதிய அதே கட்டு. ஆபீஸில் ஒரே கட்டைப் பலருக்குப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். என் கையெழுத்தில் இருந்த பக்கம் 'ஒரே சீட்டில் எழுதப்பட்டவர்கள் பிரிந்து செல்லலாகாது' என்ற வரியோடு முடிந்திருந்தது. அடுத்த பக்கம் பக்கத்து மேஜைக்காரர் எழுதியது. முதல் வரியே இதுதான்: மேற்கண்டது ரயிலில் வருவோருக்கு மட்டும். சாலை வழியே வருவோரில் நோய் கண்ட ஊரிலிருந்து வந்தவரைத் தவிர மற்றவரை நிறுத்த வேண்டியதில்லை.

நல்ல கையெழுத்து அவருடையது. என்னுடையதைவிடத் தெளிவு.

அன்றிலிருந்து பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் நான் எந்தக் காகிதத்திலும் அபிப்பிராயம் எழுதியதில்லை. மேலதிகாரிகள் அதை என் ஜாக்கிரதைக் குணம் என்று எடுத்துக்கொண்டு மேலும் இரண்டு தடவை உயர்வு கொடுத்தார்கள்.

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு அந்தப் பயணத்தைப் பற்றி ஒரே ஒரு நாள் பேசினார். நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். போதும் என்று கையால் தடுத்தார்.

"டேய், அன்னிக்கு அந்த சாயபு வண்டியில நான் போயிருந்தா கேஸ் போட்டிருப்பாங்க, இல்ல?"

அடுத்த பக்கத்தை நான் படித்து அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

"ஆமாம்பா" என்றேன்.

"உன் உத்தியோகமும் போயிருக்கும்."

"போயிருக்கும்பா."

"அப்ப சரி" என்றார். மீதிக் கஞ்சியையும் குடித்தார்.