வானூர் பஸ் டிரைவர்

திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த கல்லூரி நூலகத்துக்கு, கல்லூரியின் வானூர் பஸ் ஓட்டும் டிரைவர் தினமும் வருவார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை அவருக்கு வேலை இல்லை. காக்கிச் சட்டை, புருவத்துக்கு மேலே ஒரு புதுத் தழும்பு. ஒரு புத்தகம்கூட வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. கிளம்பும்போது மட்டும் கடைசி அலமாரிச் சந்தில் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பார். திருடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

அப்போது புத்தகங்களுக்குள் ரேடியோ சிப் வைத்த ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் வந்து நின்றார்.

"இத ஒட்டிட்டா யாரு இன்னா படிக்கிறாங்கன்னு தெரிஞ்சிடுமா சார்?"

"அதெல்லாம் தெரியாதுங்க. பதியாம எடுத்துக்கினு போனா வாசல்ல கத்தும். எடம் மாறி இருந்தா இந்த மிஷின் காட்டிக் குடுத்துடும். அவ்ளோதான்."

"அவ்ளோதானா?" என்றார். நம்பினமாதிரி தெரியவில்லை.

மறுநாள் அந்த மிஷினைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனேன். அவர் நிற்கும் சந்தில், கணக்கியல் புத்தகங்களுக்குப் பின்னால், அது கீச்சிட்டது. கையை விட்டு எடுத்தேன். மருத்துவ வரிசையில் இருக்க வேண்டிய புத்தகம். வலிப்பு நோய் பற்றியது.

ஒளித்துவைத்திருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். அவருக்கா, வீட்டில் வேறு யாருக்காவதா? கேட்க வாய் வரவில்லை.

சாயங்காலம் பஸ் நிறைய பிள்ளைகளோடு கிளம்பினார். வாசலில் நின்று, பஸ் கேட்டைத் தாண்டித் திரும்பும்வரை பார்த்தேன். சைடு கண்ணாடியில் அவரும் என்னையே பார்த்துக்கொண்டு போனார்.