நாயின் பங்கு

அன்று நின்றவர்கள்: ஈட்டி வைத்திருந்த அண்ணை. ஊரில் உழவு இயந்திரம் ஓட்டுகிறவர். என் மனைவியின் தம்பி. நான். என் நாய்.

இடம் நெடுங்கேணிக்கு அப்பால் காடு. சண்டைக் காலம், பன்றி சுடத் துவக்கோடு காட்டுக்குள் போக முடியாது. நாய் பிடிக்கும், அண்ணை குத்துவார். பன்றி விழுந்தால் ஆளுக்கொரு பங்கு, நாய்க்கும் ஒன்று. நாயின் பங்கு நாய்க்காரனுக்குப் போகும். பன்றியில் கத்தி வைக்கும்போது, ஆளோ நாயோ, உயிரோடு அங்கே நிற்க வேண்டும், அதுதான் முறை.

போகும் வழியில் அண்ணை சொன்னார்: "மிருகம் பறிச்சுத் தின்னும். மனிசன் பங்கு வைச்சுத் தின்னுவான். அதுதான் வித்தியாசம்."

"அப்ப போன முறை ஈரலை ஒளிச்சது ஆர் அண்ணை, மனிசனோ மிருகமோ?" என்றார் உழவு இயந்திரக்காரர். எல்லோரும் சிரித்தோம்.

நாய் பன்றியின் காதைக் கவ்வியது. பன்றி பல்லால் அதன் வயிற்றைக் கிழித்தது. கிழிந்த பிறகும் நாய் விடவில்லை. அண்ணை குத்தினார், பன்றி விழுந்தது.

என் துவாயால் வயிற்றைச் சுற்றிக் கட்டினேன். நெடுங்கேணியில் மாட்டுக்குக் காயம் தைக்கிற பரியாரி இருந்தார்.

"ஒராள் வந்து என்ர சைக்கிளைப் பிடியுங்கோ. தைச்சா பிழைக்கும்," என்றேன்.

"வெட்டு முடியட்டும் அத்தான்," என்றான் மனைவியின் தம்பி.

"அப்ப கெதியா வெட்டுங்கோ, நேரமில்லை."

அவன் ஐந்து தேக்கிலை விரித்தான். அண்ணை கத்தியைக் கல்லில் தீட்டினார். காலையில் தீட்டிய கத்தி. விரலால் பார்த்துவிட்டு மறுபடியும் தீட்டினார். உழவு இயந்திரக்காரர் பீடி பற்றவைத்தார். மூவரும் பன்றியைப் பார்க்கவில்லை. நாயின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் மூச்சு இருக்கோ?" என்றார் அண்ணை.

"இருக்கு."

மறுபடியும் கல்லில் கத்திச் சத்தம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் காத்திருந்தது ஒரு பங்குக்கு. பசி என்று சொல்ல முடியாது. எல்லார் வீட்டிலும் நெல் கிடந்தது.

நாய் கண்ணை மூடியது. மனைவியின் தம்பி கால் விரலால் அதைத் தட்டிப் பார்த்தான். பிறகு ஒரு இலையை எடுத்து எறிந்தான்.

"உயிர் இருக்கு," என்றேன்.

"உது இனி என்னத்துக்கு, அத்தான்?"

இறைச்சிக்குக் கொண்டுவந்த சாக்கில் நாயைச் சுற்றினேன். சைக்கிளின் பின்பக்கம் கிடத்தி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு உருட்டினேன்.

"வெட்ட முதல் போனா உமக்கும் பங்கில்லை. முறை முறைதான்," என்றார் அண்ணை.

"உங்கட இறைச்சி என்ர முற்றத்துக்கு வரவேண்டாம்."

சாக்குக்குள் இருந்து நாய் என் கையை நக்கியது. நாக்கு சூடாக இருந்தது. பின்னால் கத்தி எலும்பில் விழும் சத்தம் கேட்டது. இப்போது கெதியாகத்தான் வெட்டினார்கள்.

திரும்பிப் பார்த்தேன். நிலத்தில் கிடந்த இலைகள் மூன்று.